மாரி விடாத பந்து

மைதானத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் இரண்டு அணிகளையும் பக்கம் பக்கமாக வரிசையில் நிறுத்தி வைப்பார்கள். கேரளத்துக் கடற்கரை நகரம் ஒன்று. பங்குனி மாதம். மணி நாலாகியும் புழுக்கம் தாளவில்லை. யாரோ தைலம் தேய்த்திருந்த வாடை அந்தக் குறுகலான நடையை அடைத்துக்கொண்டு நின்றது.

எங்கள் வரிசையில் நான் இரண்டாவது ஆள். அவர்கள் வரிசையில் நாலாவதாக மாரீஸ்வரி நின்றாள். குனிந்து இடது கால் சாக்ஸை முட்டிவரை இழுத்துவிட்டாள். நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்து அதே சாக்ஸை இழுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பழகுகிறோம். நான் தும்மினால் அது சளித் தும்மலா தூசித் தும்மலா என்று சொல்லக்கூடியவள், அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை.

கோபமில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அடுத்த ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று அவளுடைய கிளப் முடிவுசெய்ய இருந்தது. முட்டியில் ஆபரேஷன் ஆன, இருபத்தொன்பது வயது மிட்ஃபீல்டர். இவர்கள் கைவிட்டால் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான பசுவந்தனைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

எதிரணியின் கோலில் நிற்கிறவள் நான்.

ஹாக்கி ஊர்க்காரிகள்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என் புராணத்தையே அளந்துகொண்டிருந்தேன். கடம்பூரிலிருந்து ஒரு வாசகி போன் போட்டு, கோல்கீப்பர் கதையெல்லாம் சரிதான், நடுவில் நின்று மூச்சு வாங்க ஓடுகிறார்களே, அவர்களைப் பற்றி எழுத மாட்டீர்களா என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். எனக்கும் சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் நான் பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரி என் கூட ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றவள்.

மாரீஸ்வரிக்குப் பசுவந்தனை. மழையை நம்பிப் பயிர் வைக்கிற கரிசல்காட்டுக் குடும்பம். உளுந்து, பாசி, சோளம் என்று அந்தந்த வருஷம் வானம் எதைக் கொடுக்கிறதோ அது. நான் கோவில்பட்டிக்காரி. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போவோம். மாரி அன்றைக்குப் பார்த்து டவுன் பஸ் ஏறி வந்து, ஆராதனை முடியும்வரை வாசலில் பந்தோடு நிற்பாள். பந்தைத் தட்டாதே என்று எங்கள் பாஸ்டரம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று கணக்கே இல்லை.

ஆனால் அந்தப் பந்து பிறகுதான் வந்தது. முதலில் எங்கள் கையில் இருந்தது ஹாக்கி மட்டை. எங்கள் ஊரில் கிரவுண்டுக்குப் போகிறேன் என்று சொல்கிற பிள்ளைக்கு வேறு என்ன கிடைக்கும்? மாரி நடுவில் ஆடுவாள். நான் காலில் பெரிய பெரிய பேடுகளைக் கட்டிக்கொண்டு கோலில் நிற்பேன்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது மாவட்டப் போட்டிக்குக் கால்பந்து அணி அனுப்பியே ஆக வேண்டும் என்று பள்ளிக்குக் கடிதம் வந்தது. பள்ளியில் கால்பந்து அணியே கிடையாது. எங்கள் பி.டி. டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தார். ஹாக்கி அணியை அப்படியே பஸ்ஸில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டத்தின் விதிகளை பஸ்ஸில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். எட்டயபுரத்துக்கு அப்புறம் அவருக்கும் தூக்கம் வந்துவிட்டது.

காலைத் தூக்கியவள்

எதிரில் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள். நடை பழகும்போதே பந்து பழகியவர்கள். விசில் ஊதினார்கள். முதல் பந்து மாரியின் காலுக்கு நேராக வந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? அழகாகக் காலைத் தூக்கி வழிவிட்டாள்.

ஹாக்கி தெரிந்தவர்களுக்குப் புரியும். அங்கே பந்து காலில் பட்டால் தப்பு. இரண்டு வருஷமாகக் காலை ஒதுக்கு, காலை ஒதுக்கு என்று கேட்டு வளர்ந்த கால் அது. மூளை சொல்வதற்கு முன்னால் தானாகவே தூக்கிக்கொண்டது. ஒரு தடவை இல்லை, அன்றைக்கு ஐந்தாறு தடவை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

என் கதை அதைவிடக் கேவலம். ஹாக்கி கோல்கீப்பர் பந்தை உதைத்துத்தான் தள்ளுவார். நானும் வந்த பந்தையெல்லாம் உதைத்துக்கொண்டிருந்தேன். கையால் பிடிக்கலாம் என்பது இடைவேளை விடுகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. எத்தனை கோல் வாங்கினேன் என்று எழுத மாட்டேன். என் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் இல்லையே, அந்தச் சந்தோஷம். மாரி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உம்மென்று வந்தாள். எட்டயபுரம் தாண்டியதும் என் கையைக் கிள்ளினாள்.

“ஏட்டி, நான் காலத் தூக்கும்போது அந்தப் பிள்ளைக எல்லாம் எங்காலையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, கவனிச்சியா? பந்து அது பாட்டுக்கு அங்கிட்டுப் போகுது. ஒருத்தியும் அதப் பாக்கல.”

நான் கவனிக்கவில்லை. எனக்கு எப்போது ஊர் வரும், எப்போது சோறு கிடைக்கும் என்றிருந்தது. பதினாலு வயசில் தன்னைப் பார்த்து ஊரே சிரித்த ஒரு தப்புக்குள் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அன்றோடு மட்டையை ஓரம் வைத்தாள். அவளை நம்பி நானும் வைத்தேன்.

பேப்பரில் வராத பெயர்

அந்தக் காலைத் தூக்குகிற தப்பை அவள் வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஒரு வித்தையாக ஆக்கிவிட்டாள். பந்து பக்கவாட்டிலிருந்து அவளை நோக்கி வரும். வாங்கப்போகிறவள் மாதிரியே உடம்பு மொத்தமும் நிற்கும். தடுப்பாட்டக்காரி பாய்ந்து வந்து முதுகில் ஒட்டுவாள். கடைசி நொடியில் மாரி காலைத் தூக்கி விட்டுவிடுவாள். பின்னால் ஓடி வருகிற சொந்த அணிக்காரிக்குப் பந்து சும்மா கிடைக்கும்.

அப்படி விடுவதற்குச் சற்று முன்னால் அவளுடைய இடது குதிகால் லேசாக மேலே எழும்பும். ஒரு விரல்கடை உயரம் இருக்கும். அது அவளுக்கே தெரியாது. அவளுக்கு எதிரே ஆயிரக்கணக்கான பந்துக்கு நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைத்தது அறுவடை முடிந்த கரிசல்காடு. மாசி பிறந்துவிட்டால் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நேராக உதைத்த பந்து வெடிப்பில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மண்ணைத் திட்டுவேன். மாரி திட்ட மாட்டாள். பந்து வருவதற்கு முன்னாலேயே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொள்வாள். வந்த பிறகு பந்தைச் சமாளிக்கவே நேரம் சரியாக இருக்கும், அப்புறம் ஆளை எப்படிப் பார்ப்பது என்பாள். பிற்பாடு வெளிநாட்டுக் கோச்சுகள் இதையே படம் போட்டு வகுப்பெடுத்தார்கள். எங்கள் மாரிக்கு அது காட்டு வெடிப்பு கற்றுக்கொடுத்தது.

திருநெல்வேலியில் கல்லூரி, பிறகு மாநில அணி, பிறகு கேரளத்தில் ஒரு கிளப், பெங்களூரில் ஒன்று, மறுபடியும் கேரளம் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். இந்திய அணியின் முகாமுக்கு மூன்று தடவை கூப்பிட்டார்கள். நீலச் சட்டை போட்டு ஒரு ஆட்டத்தில் இருபது நிமிடம் ஆடினாள். பசுவந்தனையில் அன்றைக்கு டீக்கடை அண்ணாச்சி எல்லோருக்கும் ஓசியில் டீ கொடுத்தார். செல்போனில் படம் நின்று நின்று வந்ததால் அவள் உள்ளே வந்ததைப் பாதிப்பேர் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் ஆடுகிறவளுக்கு ஒரு சாபம் உண்டு. கோல் போட்டவள் பெயர் பேப்பரில் வரும். தடுத்த கோல்கீப்பர் பெயர்கூட எப்போதாவது வரும். அந்தக் கோலுக்கு மூன்று தட்டலுக்கு முன்னால் எங்கேயோ ஒரு மூலையில் பந்தைப் பிடுங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, ஓட வேண்டியவள் ஓடும்வரை அரை நொடி காத்திருந்து தள்ளிவிட்டாளே, அவள் பெயர் வராது. மாரியின் அப்பா பேப்பரை மேலும் கீழும் தேடிவிட்டு, நீ ஆடினியா இல்ல உக்காந்திருந்தியா என்று போனில் கேட்பார். பாவம், அவள் தொண்ணூறு நிமிடமும் நாய் படாத பாடு பட்டிருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த கிளப்புக்குப் போனாலும் முதல் மாதத்திலேயே கூட ஆடுகிறவர்களின் பாஷையில் நாலு வார்த்தை பிடித்துவிடுவாள். மணிப்புரிப் பிள்ளையிடம் மணிப்புரியில் ‘பின்னால் ஆள்’ என்பாள். மலையாளத்தில் வைவாள். ஊரிலிருந்து திரும்பும்போது கடம்பூர் போளி ஒரு கட்டு வாங்கிப்போய்ப் பங்கு வைப்பாள். நடுவில் நிற்கிறவள் பத்துப் பேரோடும் பேச வேண்டும், அதுதான் வேலை என்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வடக்கே ஒரு கிளப்பில் நாலு வருஷம் கோலில் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லெஃப்ட், ரைட், அவுட், அச்சா. அதற்கு மேல் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

பொழியோரம்

மாரியின் இடது முட்டி போனது ஒரு பயிற்சியில். யாரும் இடிக்கவில்லை. தானாகத் திரும்பினாள், உள்ளே ஏதோ பட்டென்று தெறித்தது, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தாள்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் சீசன் தொடங்குவதற்கு முன்னால் நான் ஊருக்கு வந்திருந்தேன். அவளைப் பார்க்கப் பசுவந்தனைக்குப் போனேன். வீட்டில் இல்லை. காட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். முந்தின நாள்தான் நல்ல மழை. மழை பெய்த கரிசல் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து எட்டு வைத்தால் காலில் இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொள்ளும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நான் தள்ளாடித் தள்ளாடிப் போனேன்.

அந்த மண்ணில் மாரி ஓடிக்கொண்டிருந்தாள். டாக்டர் காலில் எடை கட்டி நடக்கச் சொன்னாராம். எடை எதற்கு, மண்ணே இருக்கிறதே என்று இறங்கிவிட்டாள். அவளுடைய அப்பா காட்டின் எல்லைப் பொழியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சத்தம் போட்டார்.

“ஏட்டி, உளுந்து இப்பத்தான் மொளைக்குது. நடுக்காட்டுல மிதிக்காத. பொழியோரமா ஓடு.”

பொழியோரமாக ஓடினாள். நேராக ஓடும்போது குறையே தெரியவில்லை. மூலைக்கு வந்து திரும்பும்போதுதான் பார்த்தேன். இடது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு சின்ன எட்டு கூடுதலாக வைத்தாள். பிறகுதான் திரும்பினாள். அடுத்த மூலையிலும் அதே மாதிரி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

முட்டி சரியாகிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றாள். ஊன்ற நினைக்கும்போது அந்தப் பட்டென்ற சத்தம் காதில் கேட்கிறதாம். கால் தானாக இன்னொரு எட்டு வைத்துவிடுகிறதாம். நடுவில் ஆடுகிறவள் திரும்ப முடியாவிட்டால் என்ன ஆட்டம்? வந்த பந்தை வந்த பக்கமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிளப்பிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சீசனின் பின்பாதியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். கடைசி ஆட்டத்தில் முழுசாக ஆட விடுவோம். பழைய மாரி தெரிந்தால் ஒப்பந்தம், இல்லையென்றால் மாலை போட்டு அனுப்பிவிடுவோம்.

“எனக்கு வேற என்னட்டி தெரியும்? இதத்தான தெரியும்” என்றாள். அழவில்லை. காலில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

சீசனுக்கான அட்டவணை வந்த அன்று காலையில் போன் வந்தது. கடைசி ஆட்டம் யாரோடு என்று பார்த்தாயா என்றாள். பார்த்தேன் என்றேன். சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் மூடிய வாய்

ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் கோச் வீடியோ போட்டுக் காட்டினார். எதிரணியில் ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பேசினார். மாரி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். நீயும் இவளும் ஒரே ஊர்தானே, இவளை எப்படி மறிப்பது, சொல் என்றார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரியும். இடது காலை ஊன்றித் திரும்ப விட்டால் கூடுதலாக ஓர் எட்டு வைப்பாள், அந்த நேரத்தில் பந்தைப் பிடுங்கிவிடலாம். பந்தை விடப்போகிறாள் என்றால் குதிகால் எழும்பும். இந்த இரண்டையும் சொல்லியிருந்தால் அவள் கதை அன்றைக்கே முடிந்தது.

நல்லா பாஸ் போடுவாள் என்றேன்.

அது எனக்கும் தெரியும் என்றார் கோச். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிற இடத்துக்கு நான் செய்தது துரோகம்தான். அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அந்தக் கரிசல்காட்டு மூலையில் பார்த்ததை ஒரு அறைக்குள் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கோலில் நிற்பதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எனக்கும் அது பல வாரத்துக்குப் பிறகு கிடைத்த ஆட்டம். ஒரு கோலும் விடாமல் வெளியே வர வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எழுபதாவது நிமிடம்

முதல் பாதியில் மாரி ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் தப்பு. வந்த பந்தையெல்லாம் பத்திரமாகப் பின்னால் தட்டினாள், பக்கத்தில் தட்டினாள். ஒருதடவைகூட எங்கள் கோலைப் பார்த்துத் திரும்பவில்லை. மேலே கூரைக்குக் கீழே அவளுடைய கிளப்பின் மேனேஜர் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்கு அப்புறம் அந்த நோட்டை மூடியே வைத்துவிட்டார். நான் கோலில் நின்று அதைப் பார்த்தேன். மாரியும் பார்த்திருப்பாள். ஒரு தடவையாவது திரும்பிவிடு என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதே சமயம், இன்னும் கோல் விழவில்லை, இப்படியே முடிந்தால் நல்லது என்றும் இருந்தது. மனுஷ மனசு அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

எழுபது நிமிடம் ஆகியிருக்கும். அவர்களுடைய வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து தரையோடு தரையாக வந்தது. பெனால்டிக் கட்டத்தின் விளிம்பில் மாரி நின்றாள். அவள் முதுகில் எங்கள் தடுப்பாட்டக்காரி தோய்பி ஒட்டிக்கொண்டாள். தோய்பி மணிப்புரிப் பெண், புலி மாதிரி ஆடுவாள். மாரிக்குப் பின்னால், இடது பக்கமாக, அவர்களுடைய முன்னாட்டக்காரி ஆதிரா ஆளில்லாமல் ஓடி வந்தாள்.

மாரியின் இடது குதிகால் எழும்பியது.

விடப்போகிறாள். பந்து ஆதிராவுக்குப் போகப்போகிறது. ஆதிராவை மறிக்க ஒருத்தியும் இல்லை. நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“விட்டுருவாட்டி! விட்டுருவா! பின்னால ஒருத்தி வாரா, அவளப் புடி!”

கத்திக்கொண்டே ஆதிராவை மறிக்க என் வலது பக்கம் இரண்டு எட்டு பாய்ந்தும் விட்டேன்.

நாலு வருஷம் கூட ஆடிய தோய்பிக்கு நான் தமிழில் சொன்னது ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஏதோ ஆபத்து என்று மட்டும் நினைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற மூன்று தடுப்பாட்டக்காரிகளும் ஒடிசா, ஹரியானா. அவர்களும் என்னையே பார்த்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்களில் நான் கத்தியது முழுசாகப் புரிந்த ஆள் ஒருத்திதான்.

எழும்பிய குதிகால் கீழே இறங்கியது. மாரி பந்தை விடவில்லை. வலது காலால் நிறுத்தினாள். இடது காலை நட்டாள். கூடுதல் எட்டு இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஆபரேஷன் ஆன முட்டியின் மேலே முழு உடம்பையும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். தோய்பி இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆதிரா பக்கம் போய்விட்டிருந்தேன். பந்து எனக்கு இடது பக்கம், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தின் வழியாக, மெதுவாகத்தான் போனது. திரும்பிப் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டது. நிற்கவில்லை.

தன் வாழ்நாளில் கைவிரலில் எண்ணக்கூடிய கோல்தான் போட்டிருக்கிறாள் மாரி. அதில் ஒன்று எனக்கு.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவள் ஆடினாள் பாருங்கள், அடேயப்பா! இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள், மூன்று பேருக்கு நடுவில் பந்தை வைத்துக்கொண்டு எங்களுக்கு வேடிக்கை காட்டினாள். நான் இன்னும் இரண்டு பந்தைத் தடுத்திருக்காவிட்டால் நாங்கள் மானம் கெட்டுப்போயிருப்போம். கோலில் நின்றுகொண்டு எதிரணிக்காரியைப் பார்த்துப் பூரித்துப்போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விசில் ஊதியபோது மேலே மேனேஜர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில்

எங்கள் அறையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ன கத்தினாய் என்று கோச் கேட்டார். அவருடைய உதவியாளர் ஒருவருக்குச் சென்னை. அவர் வரிக்கு வரி மொழிபெயர்த்தார். சகதோழிகளுக்குப் புரியாத பாஷையில் எதிரணிக்காரிக்குத் தகவல் கொடுத்தாயா என்று கோச் எல்லோர் முன்னாலும் கேட்டார். இல்லை என்றேன். யார் நம்புவார்கள்? முந்தின நாள் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவர் மறக்கவில்லை. தோய்பி மட்டும் என் தோளில் கை வைத்தாள். அந்த சீசனோடு என்னை அனுப்பிவிட்டார்கள். இது ஒன்றாலேயே என்று சொல்ல மாட்டேன். எனக்கும் வயசாகிவிட்டது, பாய்ச்சல் குறைந்துவிட்டது. இப்போது கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

பையை எடுத்துக்கொண்டு எங்கள் பஸ்ஸுக்கு வந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. மாரி பஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். குளிக்கக்கூட இல்லை, முட்டியெல்லாம் புல். ஒப்பந்தம் கையில் இருக்கும், சிரித்துக்கொண்டு ஓடி வருவாள் என்று நினைத்தேன். முகம் செத்துப்போய் இருந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்றேன். காகிதம் மேஜையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாள்.

“ஏட்டி ஜெபா, உள்ளதச் சொல்லு. எனக்காகத்தான் கத்துனியா?”

ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு நொடி ஆசை வந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தோழிக்காகத் தன் ஆட்டத்தையே கொடுத்தவள் என்று காலம் முழுக்கப் பெயர் இருக்கும். எங்கள் அறையில் என்னைத் திருடி மாதிரிப் பார்த்தார்கள். இவளாவது என்னைத் தெய்வம் மாதிரிப் பார்க்கட்டுமே என்று இருந்தது.

ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்ல முடியவில்லை.

“உன்னய மறிக்கத்தாண்டி கத்துனேன். பதறுன பதட்டத்துல வாயில நம்ம ஊர்ப் பேச்சு வந்துட்டு. அவளுவளுக்கு வெளங்காதுன்னு அந்த நேரத்துல தோணவே இல்ல.”

“சத்தியமா?”

“பைபிள் மேல சத்தியமா.”

மாரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆபரேஷன் ஆனபோது அழாதவள், காட்டில் அழாதவள், எங்கள் டிரைவர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“நீ விட்டுக்குடுத்த கோலுன்னா அந்தக் காயிதத்தத் தொட மாட்டேன்னு வந்தேன். பஸ்ஸத்தான் ஏறியிருப்பேன்” என்றாள்.

மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். காட்டு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருப்பார் போல, பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. அவர் எப்போதும் சத்தமாகப் பேசுகிற ஆள். எனக்கே எல்லாம் கேட்டது.

“யப்பா, கோல் போட்டேன். ஜெபா நின்ன கோலுல போட்டேன்.”

“அவ மறிக்கலையா?”

“மறிச்சாப்பா. உசுரக் குடுத்து மறிச்சா. நாந்தான் போட்டுட்டேன். சரி வைக்கேன், கையெழுத்துப் போடணும்.”

போனை என் கையில் கொடுத்துவிட்டு ஆபீசைப் பார்த்து ஓடினாள்.